தீராப் பிணியும் தமிழ் எழுத்தும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் பத்துக் குறட்பாக்களை வைத்தார். அவற்றுள் பெரும்பகுதி உணவைப் பற்றியதே. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணுதல், அளவோடு உண்ணுதல், உடலோடு மாறுபடாததை உண்ணுதல் என்று பேசிவந்து, மருத்துவன் செய்ய வேண்டியதைக் கடைசி மூன்று பாக்களுக்கு ஒதுக்கிவிடுகிறார். அவற்றுள்ளும் இறுதிப் பா மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிவிடை புரிபவன் என்பன அந்நான்கு. நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருப்பவன் என்பது பொருள்.

உரை கண்ட பரிமேலழகர் இந்நான்கு கூறுகளுக்கும் தனித்தனியே நந்நான்கு இயல்புகளைச் சொல்லிப் பதினாறாக விரிக்கிறார். நோயுற்றவனுக்கு அவர் சொல்பவை: கையில் பொருள் இருத்தல், மருத்துவன் காட்டிய வழியில் நிற்றல், தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தல், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல். முதலாவதைப் படிக்கும்போதெல்லாம் எமக்கு மெல்லிய நகை ஒன்று தோன்றும். மருத்துவச் செலவை ஈடுசெய்யக் கோரும் மனுக்களை அலுவலகத்தில் பல்லாண்டு கையாண்டவர்க்கு, உரையாசிரியர் ஏன் பொருளை முதலில் வைத்தார் என்பதை எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் இக்கட்டுரைக்கு வேண்டுவது மூன்றாவது இயல்பு. நோயுற்றவன் தன் நிலையைத் தானே சொல்ல வேண்டும் என்கிறார் பரிமேலழகர். அது மருத்துவனுக்குச் சொல்வது. அதையே ஊருக்கும் உலகுக்கும் சொன்னால் இலக்கியமாகிறது. தமிழில் அதைச் சொன்னவர் யார், எவ்வளவு சொன்னார் என்று பார்ப்பதே எம் நோக்கம்.

ஈண்டு நோய் என்று யாம் குறிப்பது, வந்து வருத்திச் சில நாளில் விலகும் காய்ச்சலை அன்று; சில திங்களில் ஆளை முடித்துவிடும் கொடுநோயையும் அன்று. நீரிழிவு, முடக்குவாதம், இழுப்பு, சிறுநீரகக் கோளாறு போல, கொல்லாமலும் விலகாமலும் இருபது முப்பது ஆண்டுகள் வீட்டில் ஒருவராகக் குடியிருக்கும் பிணியையே குறிக்கிறோம். இப்பிணியோடு வாழ்பவர்க்குக் காலையில் எழுவது முதல் இரவில் படுப்பது வரை எல்லாமே ஒரு கணக்கு. எத்தனை படி ஏறலாம், எதை உண்ணலாம், எந்த நாளைக்கு வலுவைச் சேமித்து வைக்கலாம் என்ற கணக்கு. உடல் தேய்வதைவிட, அந்தக் கணக்கை ஒருநாளும் மூடிவைக்க இயலாமையே மனத்தைத் தேய்க்கிறது.

நம் பழைய நூல்களில் நோய் வராமல் இல்லை. திருநாவுக்கரசருக்கு வந்த சூலையைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். சமண முனிவர்கள் தங்கள் மருந்தையும் மந்திரத்தையும் முயன்று கைவிட்டனர். அவர் தம் சமையற்காரனைத் தமக்கையாரிடம் அனுப்புகிறார். திலகவதியார் சமணர் உறையும் இடத்துக்கு வர இசைவதில்லை. இரவோடு இரவாக இவரே திருவதிகைக்குப் போய்ச் சேருகிறார். அந்தத் தமக்கை தமிழிலக்கியத்தின் பெரிய உழைச்செல்வார்களுள் ஒருவர் என்பது எம் கருத்து. ஆனால் அக்கதையில் சூலை தீர்கிறது. தீர்ந்த பின்னரே வாழ்க்கை தொடங்குகிறது. நோய் அங்கே ஒரு வாயில். கடந்து சென்றபின் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பக்தி நூலுக்கு அது பொருந்தும். தீராத நோயுடையவர் அதைப் படித்து ஆறுதல் பெறலாம். தம் கதையை அதில் காண இயலாது.

திரைப்படம் வந்த பின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. 1961-இல் வந்த 'பாலும் பழமும்' படத்தில், மருத்துவரான கணவனின் ஆராய்ச்சி தன்னால் தடைப்படக் கூடாதென்று காசநோயுற்ற மனைவி வீட்டை விட்டே போய்விடுகிறாள். மறு ஆண்டு வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் நோயாளி பிழைக்கிறான்; இரவு பகலாய் அவனைக் காத்த மருத்துவர் இறக்கிறார். இரண்டும் நன்கு எடுக்கப்பட்ட படங்கள்; யாமும் கண்ணீர் விட்டவர்களே. எனினும் இவற்றில் நோய் என்பது பிரிவையும் தியாகத்தையும் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு வண்டி மட்டுமே. வண்டி வந்து நின்றதும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. நோயாளியின் தலையணை உறையை யார் துவைத்தார் என்று எந்தப் படமும் கேட்டதில்லை.

அதைக் கேட்ட கதை ஒன்று உண்டு. 1943-இல் புதுமைப்பித்தன் எழுதிய 'செல்லம்மாள்' அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்கு வந்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையும், அடிக்கடி நினைவிழந்து விழும் நோயுடைய அவர் மனைவி செல்லம்மாளும் மட்டுமே அதில் வாழ்கிறார்கள். கதை அவள் மூச்சு அடங்குவதில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. ஆகவே 'பிழைப்பாளா' என்ற கேள்வியை ஆசிரியர் முதல் வரியிலேயே எடுத்தெறிந்துவிடுகிறார். எஞ்சுவது 'எப்படி வாழ்ந்தார்கள்' என்ற கேள்வி ஒன்றே. யாம் இக்கதையை உயர்த்திப் பேசுவதற்கு இதுவே முதற்காரணம்.

புதுமைப்பித்தன் காசநோயால் 1948-இல் மறைந்தார் என்பதை நினைந்து, தம் நோயின் துயரத்தையே இக்கதையில் வடித்தார் என்று சிலர் எண்ணக்கூடும். ஆண்டுகள் அதற்கு இடந்தரவில்லை. 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனா சென்றிருந்த இறுதிக் காலத்தில்தான் அந்நோய் அவரை வீழ்த்தியது; கதையோ அதற்கு ஐந்தாண்டு முந்தியது. அவர் படுக்கையில் கிடந்து எழுதியதன்று இது. படுக்கைக்கு அருகே நின்று பார்த்தவர் எழுதியது. கதை முழுவதும் உழைச்செல்வானின் கண்ணே பார்க்கிறது.

அந்தக் கண் என்னவெல்லாம் பார்க்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுதல், அவளுக்கு வேண்டியதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல், கடைக்கு நடந்து போதல், போன இடத்திலும் வீட்டையே நினைத்தல், முதலாளியிடம் முன்பணம் கேட்கத் தயங்குதல், திரும்பும்போது கதவுக்குப் பின்னால் அவள் எந்த நிலையில் கிடக்கிறாளோ என்ற அச்சம். பெரிய உணர்ச்சி எதுவும் இல்லை. கணவன் மனைவியர் இருவரும் அன்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஊருக்குப் போக வேண்டும், ஒரு புடவை எடுக்க வேண்டும், இவ்வளவே அவர்கள் பேச்சு. வாழ்க்கையின் அளவு சுருங்கச் சுருங்க ஆசையின் அளவும் சுருங்குவதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய எழுத்தை யாம் அறியோம்.

கதையின் உச்சம் என்று யாம் கருதுவது அவள் இறக்கும் இடமன்று. சித்தம் கலங்கிய நிலையில் செல்லம்மாள் பிரமநாயகம் பிள்ளையையே தன் தாய் என்று எண்ணிப் பேசுகிறாள். தாய் இறந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. பிள்ளை அவளைத் திருத்துவதில்லை. 'நான் உன் கணவன்' என்று சொல்வதில்லை. தாயாகவே விடை சொல்கிறார். அவளோ அந்தத் தாயிடம் கணவனைப் பற்றிக் குறை கூறுகிறாள். கேட்டுக்கொண்டிருப்பவர் அதே கணவர். தம்மீது சுமத்தப்படும் குற்றத்தைத் தாயின் பரிவோடு கேட்டு ஆறுதலும் சொல்ல வேண்டியிருக்கிறது. மனநலம் என்று இக்காலத்தில் மிகுதியாகப் பேசுகிறோம். நோயாளியின் மனத்தை அமைதிப்படுத்துவதற்காக ஒருவன் தன்னையே கழற்றி வைத்துவிட்டு இன்னொருவராக அமர்வதைக் காட்டும் இப்பகுதிக்கு நிகராக எந்த விளக்க நூலையும் யாம் படித்ததில்லை. பரிமேலழகர் உழைச்செல்வானுக்குச் சொன்ன நான்கு இயல்புகளில் முதலாவது நோயாளியிடம் அன்புடைமை. அந்த அன்பு, தன்னைப் பற்றிய பழியைத் தானே கேட்டு உச்சுக்கொட்டும் அளவுக்குப் போகவேண்டியிருக்கும் என்பதை உரையாசிரியரும் எண்ணியிருக்க மாட்டார்.

இனி, இக்கதையைப் படிப்போர் பலரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். செல்லம்மாள் இறந்த பின் பிரமநாயகம் பிள்ளை அலறுவதில்லை. செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் செய்கிறார். உடலைக் கழுவுகிறார், உடுத்துகிறார், விளக்கேற்றுகிறார். பாரம் ஒன்று இறங்கிய நிம்மதி அவரிடத்தில் இருப்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. இதைக் கண்டு 'வறுமை மனிதனைக் கல்லாக்கிவிட்டது' என்று சிலர் சொல்வர். 'ஆசிரியரின் விரக்தி' என்று வேறு சிலர் சொல்வர். இரண்டையும் யாம் ஏற்கவில்லை. ஏற்காமைக்குக் காரணம் நூலில் மட்டும் இல்லை. ஆகவே சிறிது விலகிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் தீவுகளில் உழைச்செல்வான் என்பவர் கோப்பில் இடம்பெறும் ஓர் ஆள். இங்கே ஜி.பி. பந்த் மருத்துவமனையில் ஆகாதது எதுவாயினும் நோயாளி மெயின்லேண்ட் போக வேண்டும். கப்பலில் சென்னை ஏறத்தாழ மூன்று நாள்; விமானமாயின் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மருத்துவர் தாளில் நோயாளியின் பெயருக்குக் கீழே 'ஒரு அட்டெண்டென்ட்' என்று எழுதுவார். அந்த ஒரு சொல்லுக்குள் ஒருவர் தம் விடுப்புக் கணக்கையும், பிள்ளைகளின் தேர்வுக் காலத்தையும், வைப்பு நிதியிலிருந்து எடுக்கும் முன்பணத்தையும் அடக்கிக்கொண்டு கப்பலேறுகிறார். எம் இல்லத்தாருக்கு முடக்குவாதம் வந்து பதினோராண்டுகள் ஆகின்றன. 2024 வரை போர்ட் பிளேயர் என வழங்கி இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் இவ்வூரிலிருந்து, அத்தாளைக் கையில் பிடித்து எத்தனை முறை புறப்பட்டோம் என்ற எண்ணிக்கையை யாம் விட்டுவிட்டோம். ஒரு முறை, வங்கக் கடலின் நடுவே, மேல்தளத்தில் தனியே நின்றபோது, 'இது ஒருநாள் முடியுமே' என்ற எண்ணம் எம் மனத்தில் ஒரு கணம் ஆறுதலாக வந்து போயிற்று. எது முடியும் என்று யாம் எண்ணினோம் என்பதை உணர்ந்ததும் உடல் நடுங்கியது. அதன்பின் நெடுங்காலம் 'செல்லம்மாள்' கதையை அந்தப் பக்கத்துக்கு மேல் எம்மால் படிக்க இயலவில்லை.

இப்போது படிக்க முடிகிறது. பிரமநாயகம் பிள்ளையின் நிம்மதி அன்பின்மையால் வந்ததன்று. நெடுநாள் தூக்கிய கை, பாரம் இறங்கியதும் தானே மேலெழும். அது கையின் இயல்பு. அக்கணத்தில் அவரை அழவைத்திருந்தால் படிப்பவர் மனம் நிறைந்திருக்கும். ஆனால் அத்தனை ஆண்டு அவர் செய்த பணிவிடை பொய்யாகியிருக்கும். நோயாளியை நேசிப்பதும் நோய் முடிய வேண்டுமென விழைவதும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்று தமிழில் அஞ்சாமல் சொன்னது இக்கதை. பரிமேலழகர் சொன்ன பதினாறு இயல்புகளுள் உழைச்செல்வானின் களைப்பு இடம்பெறவில்லை. அந்த விடுபட்ட பதினேழாவதைப் புதுமைப்பித்தன் எழுதிச் சேர்த்தார் என்பது எம் துணிபு.

இவ்வளவு சொன்ன பின் ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். இக்குறையை முதலில் கண்டவர் யாம் அல்லேம். விரல் மடங்காத காரணத்தால் புத்தகத்தை நெடுநேரம் பிடிக்க இயலாத எம் இல்லத்தாருக்கு ஓரிரவு இக்கதையை வாய்விட்டுப் படித்தோம். தாயாக நடிக்கும் இடம் வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்த பிறகு, "அவர் என்ன நினைத்தார் என்பதெல்லாம் இருக்கிறது. அவள் தெளிவாக இருந்தபோது என்ன நினைத்தாள்? பகல் முழுக்கத் தனியாகத்தானே கிடந்தாள்?" என்று கேட்டார். விடை சொல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை கடைக்குப் போன பின் அந்த வீட்டில் கழிந்த நீண்ட பகல்கள் கதையில் இல்லை. செல்லம்மாளின் உள்ளம் நமக்குப் பெரிதும் திறப்பது அவள் சித்தம் கலங்கியபோதுதான். தன் நிலையைத் தானே உணர்த்தல் என்ற அந்த மூன்றாவது இயல்பு அவளுக்குக் கிட்டவில்லை.

அப்படியானால் படுக்கையிலிருந்தே பேசியவர் எவரும் இல்லையா என்ற கேள்வி எழுகிறது. உண்டு, திரு.வி.க. பேசினார். ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கராக இருந்து, ஆசிரியராகி, 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களை நடத்தி, 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றுவதற்கு உழைத்தவர். அதே ஆண்டில் மனைவியை இழந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. இறுதிக் காலத்தில் கண்ணொளி மங்கியது. உடல் தளர்ந்து படுக்கையில் விழுந்தார். எழுத்தை மட்டும் விடவில்லை. தாம் சொல்லப் பிறர் எழுதினர். 1951-இல் வந்த 'முதுமை உளறல்', மறைந்த ஆண்டாகிய 1953-இல் வந்த 'வளர்ச்சியும் வாழ்வும் அல்லது படுக்கைப் பிதற்றல்' ஆகியவை அந்நிலையில் பிறந்த செய்யுள் நூல்கள்.

தலைப்பைக் கண்டதும் எம் நெஞ்சு துள்ளியது. ஒரு பேரறிஞர் தம் நூலுக்குப் படுக்கையின் பெயரை இட்டிருக்கிறார். உளறல் என்றும் பிதற்றல் என்றும் தம் சொல்லைத் தாமே எள்ளிக்கொள்கிறார். நோயாளி பேசினால் வீட்டார் அப்படித்தானே சொல்வார்கள்! அவர்கள் சொல்லுமுன் இவரே சொல்லிவிட்டார். அந்த நகையில் ஒரு வீரம் இருக்கிறது. ஆனால் உள்ளே புகுந்து தேடினால் படுக்கை மிகுதியாக அகப்படுவதில்லை. உலகம், வளர்ச்சி, சமரசம், அறம் என்று அவர் வாழ்நாள் முழுதும் பேசியவையே நிரல்பட வருகின்றன. பிதற்றல் என்று பெயரிட்டவர் ஒரு வரியும் பிதற்றவில்லை. கண் தெரியாத ஒருவர் இரவையும் பகலையும் எதைக்கொண்டு பிரித்தறிந்தார், சொல்ல வந்த அடி நினைவில் நழுவியபோது எழுதுபவரிடம் என்ன சொன்னார் என்பவற்றை அறிய விழைந்து போன யாம் வெறுங்கையோடு திரும்பினோம்.

இது அவர் குறையா என்று நெடுநாள் எண்ணினோம். ஒருவகையில் அன்று. தம் உடலைப் பற்றிப் பேசாமல் உலகைப் பற்றிப் பேசியதே அவர் மனம் நிலைகுலையாமல் இருந்ததற்குச் சான்று. நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒருவர் எழுத வந்து அமர்வார். சொல்ல வேண்டியதை அதற்குள் மனத்தில் கோத்து வைத்திருக்க வேண்டும் என்ற ஒழுங்கு எந்த மருந்துக்கும் குறைந்ததன்று. ஆயினும் படிக்கும் நோயாளிக்கு அந்த ஒழுங்கின் பயன் மட்டும் கிடைக்கிறது, செய்முறை கிடைக்கவில்லை. சமைத்த சோற்றைப் போட்டுவிட்டு அடுப்பு மூட்டிய விதத்தைச் சொல்லாமல் விட்டதைப் போன்றது இது. எமக்கு வேண்டியிருந்தது அடுப்பே.

கு.ப. ராஜகோபாலனிடமும் இதே மௌனத்தைக் காண்கிறோம். மேலூர்த் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர்; எம்மைப் போன்ற எழுத்தர்களுக்கு அவர் ஒருவகையில் உறவினர். கண்நோயால் பார்வை குன்றியது; வேலை போயிற்று. அக்காலத்தில் அவர் வாயால் கதை சொல்ல, தங்கை சேது அம்மாள் எழுதினார். அறுவை மருத்துவத்தில் பார்வை மீண்டது. ஆயினும் வேறு நோய் காலைப் பற்ற, 1944-இல் தம் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். இருளில் இருந்த ஒருவர் சொல்லிய கதைகள் என்று தெரியாமல் படிப்பவர்க்கு அவற்றில் இருளின் தடயம் புலப்படாது. ஆண் பெண் மனத்தின் நுண்ணிய அசைவுகளை அவ்வளவு ஒளியோடு காட்டியவர், தம் கண் மறைந்த நாட்களைக் கதையாக்கவில்லை. பிறர் உள்ளத்துள் புகுவதே அவருக்குத் தம் படுக்கையறையைவிட்டு வெளியேறும் வழியாக இருந்ததோ என்று எண்ணுகிறோம். கதையின் சிறப்பு அதனால் ஓங்கியது என்பதில் ஐயமில்லை. நமக்கு ஒரு நூல் குறைந்தது என்பதிலும் ஐயமில்லை.

ஆக, படுக்கைக்கு அருகில் நின்றவர் படுக்கையை எழுதினார். படுக்கையில் கிடந்தவர்கள் உலகத்தை எழுதினார்கள். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, வலிக்கும் காலோடு அபர்தீன் பசார் மேட்டில் ஏறி, பத்து மணிக்கு அலுவலகத்தில் கையொப்பமிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் முப்பதாண்டு பணி முடிக்கும் மனிதரைத் தம் வாய்மொழியாகவே பேசவைத்த நூல், எம் சிறு வாசிப்பில் இதுவரை எதிர்ப்படவில்லை. நம் சங்கத்து உறுப்பினருள்ளேயே அத்தகையோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு மலருக்குப் போதுமான கட்டுரைகள் கிடைக்கும். கேட்டால், "அதை எல்லாம் எழுதுவார்களா?" என்று நகைக்கிறார்கள். படைப்பு என்றால் நிலவும் கடலும் வேண்டும் என்ற எண்ணம் நம் தீவில் சற்று அதிகம். இரண்டும் இங்கே தாராளமாகக் கிடைப்பதால் இருக்கலாம்.

கு.ப.ரா. சொல்லச் சொல்ல எழுதிய அந்தத் தங்கை பின்னர்த் தாமே கதாசிரியராக அறியப்பட்டார். அண்ணன் வாயிலிருந்து சொல் வரக் காத்திருந்த நேரங்களில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் கதைகளில் எங்கேனும் இருக்கக்கூடும். கு.ப. சேது அம்மாளின் தொகுப்பு ஒன்றும் எம் கைக்கு இதுவரை கிட்டவில்லை. அடுத்த திங்கள் மருத்துவ ஆய்வுக்காகச் சென்னை போகிறோம். இரத்தப் பரிசோதனை முடிவுக்கு எப்படியும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அன்று பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்க்கும்படி எம் இல்லத்தார் சொல்லியிருக்கிறார்.